ஒரு தடவைக்கு ஒரு ஸ்பூன்

நான் ஒன்றும் சாப்பிடவில்லை. டீயில் சர்க்கரை போடுவதை விட்டு எத்தனை காலம் ஆகிறது. பழம்கூடப் பாதிக்கு மேல் தொடுவதில்லை. இதையெல்லாம் சொல்லலாம் என்றால் வாயை இவ்வளவு பெரிதாகத் திறந்து வைத்திருக்கிறேன். என்ன விசித்திரம், வாய் நன்றாகத் திறந்திருக்கும்போதுதான் ஒரு சொல்லும் வெளியே வரமாட்டேன் என்கிறது. இந்தப் பெண்ணும் கேட்க வேண்டியதையெல்லாம் இப்போதுதான் கேட்பாள்.

"ஸ்வீட் எல்லாம் நிறுத்திட்டீங்கதானேம்மா?" என்றாள் பல் டாக்டர், சின்னக் கண்ணாடியை ஈறுக்குப் பின்னால் திருப்பிக்கொண்டே.

"ஆங்," என்றாள் நாற்காலியில் படுத்திருந்த அவள்.

"கேக், பிஸ்கட்?"

"ஆங், ஆங்."

"ஆங்னா சாப்பிடறீங்களா, சாப்பிடலையா?"

இல்லை என்று கையை வேகமாக ஆட்டினாள்.

"ஆட்டாதீங்கம்மா, குத்திடப் போகுது."

கண்ணாடியும் கம்பியும் வெளியே வந்தன. வாயை மூடியதும் நாக்கில் இரும்பின் ருசி. ரத்தம். எதை வைத்தாலும் பெயர் சொல்லப் பழகிய நாக்கு அது. தன் வீட்டு ரத்தத்தை மட்டும் அடையாளம் தெரியாமல் போய்விடுமா?

"தொட்டாலே ரத்தம் வருது. கொஞ்சம் சீழும் இருக்கு. வீட்டுக்காரர் வெளிய இருக்காரா? கூப்பிடுங்க."

அவள் கணவர் புருவத்தில் மாவோடு உள்ளே வந்தார். பேக்கரி வைத்திருப்பவர். கேக்குக்கும் ரொட்டிக்கும் அவர் கைதான் என்பதால் ஊருக்கெல்லாம் மாஸ்டர். டாக்டர் அறையில் எங்கே நிற்பது என்று தெரியாமல், அடுப்புக்கு எதிரே நிற்பது போல ஓரடி தள்ளி நின்றார்.

டாக்டர் திரையில் படத்தைக் காட்டினாள். சாம்பல் நிறத்தில் அவளுடைய தாடை எலும்பு. மேல் வரிசையில் ஒரு பல் இருந்த இடத்தில் ஒரு திருகு, மரத்தில் ஏற்றிய திருகாணியைப் போலவே. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குக் கூச்சமாக இருக்கும். தனக்குள் யாரோ தச்சுவேலை பார்த்துவிட்டுப் போனதை எல்லோரும் நின்று பார்க்கிறார்களே என்று.

"இந்தத் திருகைச் சுத்தி எலும்பு வளந்து இறுக்கிப் பிடிக்கணும். அப்பதான் மேல பல்லை மாட்ட முடியும். இதுவரைக்கும் ஆடல, அது நல்ல விஷயம். ஆனா ஈறு இப்படி வீங்கியிருக்கக் கூடாது."

"மருந்து குடுங்க டாக்டர்," என்றார் மாஸ்டர்.

"குடுக்கறேன். அது மட்டும் போதாது. திருகு போடறதுக்கு முன்னாடி எடுத்த சர்க்கரை டெஸ்ட்ல மூணு மாசச் சராசரி நல்லா இருந்துச்சு. அதைப் பாத்துட்டுத்தான் நான் கையையே வச்சேன். இப்ப எகிறிக் கிடக்கு. சர்க்கரை கூடினா புண் ஆறாது, கிருமிக்குக் கொண்டாட்டம். எலும்பும் வளர யோசிக்கும்."

"சர்க்கரை இருக்கறவங்க இதைப் போட்டுக்கவே கூடாதுன்னு என் தங்கச்சி சொன்னா."

"அப்படியெல்லாம் இல்ல. கட்டுப்பாட்டுல இருந்தா மத்தவங்க மாதிரிதான். ஆறறதுக்குக் கொஞ்சம் கூட நேரம் ஆகும், அவ்வளவுதான். கட்டுப்பாடு விட்டுப் போச்சுன்னா வம்பு. சீழ் உள்ள இறங்கி எலும்பைக் கரைச்சிடும். திருகு ஆட ஆரம்பிக்கும். அப்புறம் கழட்டித்தான் ஆகணும்."

"கழட்டினா?"

"தட்டுப் பல்லு இருக்கே. தினம் கழட்டி மாட்டிக்கறது."

தட்டு என்றதும் அவள் நாக்கு தானாக எழுந்து மேலண்ணத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.

"என்கிட்ட மறைச்சா எனக்கு ஒண்ணும் இல்லம்மா," என்றாள் டாக்டர், கையுறையைக் கழற்றிக்கொண்டே. கோபமில்லாத குரல். "உங்க எலும்புகிட்ட மறைக்க முடியாது. சர்க்கரை டாக்டரைப் பாத்து மாத்திரையைச் சரி பண்ணிக்கங்க. அடுத்த மாசம் பாப்போம்."

வெளியே தூறல். இருவரும் ஒரே குடையில் நடந்தார்கள். மாஸ்டரின் தோள் பாதி நனைந்தது. அவர் எப்போதும் குடையைச் சாய்த்துத்தான் பிடிப்பார்.

"நான் உன்னை ஒண்ணும் கேக்கல," என்றார் கொஞ்ச தூரம் போன பிறகு.

"கேக்கலன்னு சொல்றதே கேக்கறதுதான்."

"சரி, கேட்டதாவே வச்சுக்கோ."

"நான் ஒண்ணும் சாப்பிடலைங்க."

"நம்பறேன்."

"நம்பறவங்க இவ்வளவு வேகமா நம்ப மாட்டாங்க."

அவர் குடையை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் சாய்த்தார். அவள் ஈரத் தரையைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அந்தப் பல் போன வருஷம் விழுந்தது. பிடுங்கவில்லை, தானாகவே. சர்க்கரையால் ஈறு தளர்ந்து, நாள்கணக்காக ஆடிக்கொண்டிருந்துவிட்டு, ஒரு காலையில் பன்னின் ஓரத்தைக் கடித்தபோது கையோடு வந்துவிட்டது. பேக்கரியில் அடுப்பு வேலை பார்க்கிறவர் அதை வாங்கி வெளிச்சத்தில் பார்த்து, "நல்லவேளை அக்கா, மாவு பிசையும்போது விழல" என்றார். அவளைவிட மூத்தவர். ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். சோறு போடுகிறவர்கள் எல்லோரும் அக்காதானாம்.

முதலில் தட்டுப் பல்தான் மாட்டிக்கொண்டாள். மெல்லிய சிவப்புத் தட்டு, மேலண்ணத்தைப் பாதி மூடிக்கொள்ளும். கண்ணாடியில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதோடு போய் ஜாமை நாக்கில் வைத்தபோது அவளுக்குப் பயமாகிவிட்டது. ருசி பக்கத்து வீட்டில் நடப்பது போல இருந்தது. சத்தம் கேட்கிறது, என்ன பேசுகிறார்கள் என்று தெரியவில்லை. அதனால்தான் திருகு. அழகுக்காக என்று எல்லோரும் நினைத்தார்கள். நாத்தனார் கேலியும் செய்தாள். அவள் மறுக்கவில்லை. நாக்குக்காக என்று சொல்ல என்னவோ வெட்கமாக இருந்தது.

பேக்கரி தெருமுனையில். கீழே கடையும் அடுப்படியும், மாடியில் வீடு. கல்லாவில் மாஸ்டரின் தங்கை உட்கார்ந்திருப்பாள். அவள் புருஷன் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் சாலையில்தான். அந்தப் பாதி நாள் பேச வேண்டியதையும் சேர்த்து அவள் இங்கே பேசித் தீர்த்துவிடுவாள்.

"என்ன அண்ணி, திருகு டைட்டா இருக்கா?"

"இருக்கு."

"மூஞ்சி அப்படிச் சொல்லலையே. அண்ணா, டாக்டர் என்ன சொன்னாங்க?"

மாஸ்டர் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் தங்கை கல்லாவை விட்டு எழுந்து வந்துவிட்டாள்.

"அண்ணி, இங்க பாருங்க. அண்ணன் உள்ள போகட்டும். என்கிட்ட மட்டும் சொல்லுங்க. கிரீமா? ஃப்ரூட் கேக்கா?"

"ஒண்ணும் இல்லடி."

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"நீயா?" என்றார் அண்ணன் உள்ளேயிருந்து. "ஊர்ல யாருக்குத் தும்மல் வந்தாலும் உன்கிட்டதான் முதல்ல சேதி வருது, உன்கிட்டருந்துதான் வெளியவும் போகுது."

மறுநாளே நாத்தனார் போலீஸ் வேலையை ஆரம்பித்துவிட்டாள். கிரீம் டப்பாவின் மூடியில் டேப் ஒட்டினாள். கண்ணாடி அலமாரியில் இருந்த கேக் துண்டுகளை அடிக்கடி எட்டிப் பார்த்தாள். ஒரு நாள் ஒரு துண்டைக் காணோம் என்று அவள் போட்ட சத்தத்தில் அடுப்புக்காரர் ஓடிவந்து, "நான்தாம்மா சாப்பிட்டேன், பசிச்சுது" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அன்று எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், பழக்கம்போல வலது கையால் இடது பக்க வாயை மறைத்துக்கொண்டு. ஆனால் மாடிக்குப் போய்த் தனியாக உட்கார்ந்தபோது சிரிப்பு போய்விட்டது. திருடாத வீட்டில் தன்னைச் சுற்றித் திருட்டைத் தேடுகிறார்கள். அதைவிட மோசம், அவளே தன்னைத் தேடத் தொடங்கியிருந்தாள். தூக்கத்தில் எழுந்து போய்த் தின்கிறேனோ? மறந்துபோகிறேனோ? தன் வாயைத் தானே நம்பாமல் இருப்பது புதுவிதமான தனிமை.

அது ஆரஞ்சு வரும் காலம். மழை முடிந்தும் முடியாமலும் குளிர் இறங்குகிற வாரங்களில் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். அந்த ஜாமுக்குத்தான் கடைக்குப் பேர். வருஷம் முழுக்கத் தேவையானதை இந்தச் சில வாரங்களில் கிண்டி, புட்டியில் அடைத்துவிட வேண்டும். காலையில் பழத்தைச் சுடுநீரில் கழுவி, தோலை உரித்து, உட்புறத்து வெள்ளையைக் கத்தியால் சுரண்டி எடுப்பார்கள். தோலை ஊசி போல நறுக்கி ஊறவைப்பார்கள். கொட்டைகளைத் துணியில் முடிந்து சாறோடு போட்டால்தான் ஜாம் இறுகும். பெரிய பாத்திரத்தில் சர்க்கரை இறங்கியதும் அடுப்படியே மாறிவிடும். ஜன்னல் கண்ணாடியில் ஆவி படியும். மாஸ்டர் மரத்துடுப்பைத் திருப்பித் திருப்பி, ஓரத்தில் ஒதுங்கும் நுரையை வழித்துக்கொண்டே இருப்பார்.

அளவு எழுதிவைத்துச் செய்கிற வேலை இல்லை அது. பெட்டிக்குப் பெட்டி பழத்தின் புளிப்பு மாறும். மழையில் பறித்ததற்கு ஒரு கசப்பு, வெயிலில் பறித்ததற்கு ஒரு கசப்பு. அதனால் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் அவள் வர வேண்டும். ஸ்பூனில் எடுத்து, ஊதி, நாக்கில் வைத்து, கண்ணை மூடுவாள். அந்தக் கொஞ்ச நேரம் யாரும் பேச மாட்டார்கள். துடுப்பு நிற்கும். கல்லாவில்கூடச் சில்லறைச் சத்தம் நின்றுவிடும். "எலுமிச்சை பிழியணும்," என்பாள். அல்லது "இன்னும் கொஞ்சம் சர்க்கரை." மறுபடி ஒரு ஸ்பூன். மறுபடி. கடைசியில், "சரியா இருக்கு." எல்லோருக்கும் மூச்சு வரும்.

ஜாமோ கிரீமோ பாகோ, ருசி பார்ப்பதற்கு அவளே ஒரு சட்டம் போட்டிருந்தாள். வாயில் வைத்த ஸ்பூன் மறுபடி பாத்திரத்துக்குள் போகக் கூடாது. ஒரு தடவைக்கு ஒரு ஸ்பூன். ஒரு பக்கம் டம்ளரில் சுத்தமான சின்ன ஸ்பூன்கள், இன்னொரு பக்கம் எச்சில் ஸ்பூனுக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி. பாத்திரம் கழுவுகிற அம்மாள் சாயங்காலம் அந்த வாளியைக் கொண்டுபோய்க் கழுவி, மறுபடி டம்ளரை நிரப்பிவைப்பாள். எத்தனையோ வருஷமாக அப்படித்தான்.

கழுவுகிற அம்மாளுக்கு ஒரு நாள் காய்ச்சல். வெளிச்சம் இருக்கும்போதே கழுவிவிடலாம் என்று அவளே பின்கட்டுக் குழாயடியில் உட்கார்ந்தாள். தட்டுகள், மாவுக் கிண்ணங்கள் எல்லாம் முடிந்து வாளியைத் தூக்கியபோது கனத்தது. கவிழ்த்தாள். ஸ்பூன்கள் சலசலவென்று கொட்டின. கொட்டிக்கொண்டே இருந்தன. சில காம்பில் வழிந்த ஜாமால் ஒட்டிக் கொத்தாகக் கிடந்தன. சிலவற்றின் காம்பில் கிரீம், சிலவற்றில் கேக்குக்கு ஊற்றுகிற பாகு.

"என்னங்க இது, இவ்வளவு ஸ்பூன்?" என்றாள், கரி அள்ளிக்கொண்டிருந்த அடுப்புக்காரரிடம். "யாரெல்லாம் எடுக்கறாங்க?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "வேற யாரு எடுப்பா? எல்லாம் உங்களோடதுதான் அக்கா."

"எல்லாமா?"

"நாங்க யாராச்சும் தொட்டா நீங்க விடுவீங்களா?"

அவர் கரிக்கூடையோடு உள்ளே போய்விட்டார். அவள் ஒரு ஸ்பூனை எடுத்துப் பார்த்தாள். குழி வழவழவென்று இருந்தது, ஒரு துளி மிச்சமில்லை. அடுத்ததும் அப்படித்தான். நக்கித் துடைத்த ஸ்பூன்கள். ருசி பார்ப்பதற்கு நாக்கின் நுனி போதும். இவ்வளவு சுத்தமாகத் துடைத்தது எந்த வேலைக்காக?

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தன் கூடப்பிறந்த அக்காவின் கால் எலும்பு முறிந்தபோது அவள் வீட்டில் போய் இருந்த மாதங்களை நினைத்துக்கொண்டாள். அங்கே நாக்குக்கு உப்பு பார்ப்பதைத் தவிர வேலையில்லை. அங்கே இருந்த நாட்களில்தான் சர்க்கரை இறங்கியது. திரும்பி வந்த கையோடு டெஸ்ட் எடுத்து, டாக்டர் சந்தோஷப்பட்டு, திருகைப் போட்டாள். புண் காய்வதற்குள் ஆரஞ்சு வந்துவிட்டது.

ஓ, என்று நினைத்தாள். வெட்கத்துக்கு முன்னால் அவளுக்கு ஒரு நிம்மதிதான் வந்தது. தூக்கத்தில் எழுந்து திருடவில்லை. பட்டப்பகலில், எல்லோர் கண்ணெதிரிலும், எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருக்கத்தான் தின்றிருக்கிறேன்.

யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் அடுப்படிக்கு ஒரு கண்ணாடி டம்ளரைக் கொண்டுவந்து வைத்தாள். ருசி பார்க்க ஒரு ஸ்பூன் எடுக்கும்போதெல்லாம் அதே அளவு இன்னொரு ஸ்பூனை எடுத்து டம்ளரில் போட்டாள். "என்னது அது, சாம்பிளா?" என்று மாஸ்டர் கேட்டார். "ஆமா," என்றாள்.

மதியம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது டம்ளரை நடுவில் வைத்தாள். அடியில் கிரீம், மேலே பாகு, அதற்கு மேல் பொன்னிறமாக ஜாம், நடுநடுவே வெண்ணெய்க்கலவை. விளிம்பு வரை வந்திருந்தது.

"அழகா இருக்கே அண்ணி, புதுசா? யாருக்கு?" என்றாள் நாத்தனார்.

"எனக்குத்தான்."

"விளையாடாதீங்க."

"காலையிலேருந்து நான் சாப்பிட்டது இது. இன்னும் சாயங்காலம் இருக்கு."

நாத்தனார் டம்ளரைக் கையில் எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள். கீழே வைத்தாள். "அடிப்பாவி அண்ணி!" என்றாள். "நான் போய் அலமாரிக்கெல்லாம் டேப் ஒட்டிக்கிட்டிருக்கேன்!"

மாஸ்டருக்கு இன்னும் புரியவில்லை. உண்மையாகவே புரியாத முகத்தோடு, "ருசி பாக்கறது சாப்பிடறதுல வராதேம்மா?" என்றார்.

"அதை என் எலும்புகிட்ட சொல்லுங்க."

"நான் நாள் முழுக்க அனலை முழுங்கறேனே மாஸ்டர்," என்றார் அடுப்புக்காரர். "அதுவும் சாப்பாட்டுக் கணக்குதானா?"

நாத்தனார் சிரிக்க ஆரம்பித்தாள். அப்புறம் நிறுத்த முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாஸ்டர் மட்டும் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கையால்தானே பாதி ஸ்பூன்கள் அவளிடம் வந்தன.

"அப்ப இனிமே துப்பிடு," என்றார். "வாயில வச்சுப் பாத்துட்டுத் துப்பிடு. வாய் கொப்புளிச்சுடு. சரியா?"

அதையும் செய்து பார்த்தாள். அடுப்படிக் குழாய்க்குப் பக்கத்தில் போய் நின்று, நாக்கில் வைத்து, கண்ணை மூடினாள். துப்பக் குனிந்தபோது தொண்டை முந்திக்கொண்டது. மறுபடியும் பார்த்தாள். இந்த முறை பாதி துப்ப முடிந்தது. ஜன்னல் வழியாக நாத்தனார், "அண்ணி, வாசல்ல ஆள் நிக்குது. ஜாமை ஓனரே துப்பறாங்கன்னு சேதி போச்சுன்னா கடையை மூட வேண்டியதுதான்!" என்றாள்.

சிரித்துக்கொண்டே வாயைத் துடைத்தாள். ஆனால் அந்தத் தொண்டையின் அவசரம் அவளை விடவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரியாமல் நடந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். முழுப் பொய்யுமில்லை. ஆனால் காலையில் எழுந்ததும் இன்று எந்தப் பாத்திரம் முதலில் என்று நினைத்துக்கொள்கிறேனே, அது என்ன? டீயில் சர்க்கரை இல்லை, பழம் பாதி என்று நாள் முழுக்க நான் காட்டிய கண்டிப்புக்கெல்லாம் ஸ்பூன்தான் பின்வாசலாக இருந்திருக்கிறது.

இனிப்பு மட்டுமா? அதையும் கேட்டுக்கொண்டாள். கண்ணை மூடி நிற்கிற அந்தக் கொஞ்ச நேரம். மூன்று பேர் தன் முகத்தைப் பார்த்து நிற்பது. வீட்டில் வேறு எந்த விஷயத்திலும் அவள் வாயிலிருந்து என்ன வரப்போகிறது என்று யாரும் காத்திருந்ததில்லை. மளிகை என்ன வாங்குவது, சுவருக்கு எந்தச் சாயம், மகளை எந்த வெளியூரில் படிக்கவைப்பது, எல்லாம் பேசி முடித்த பிறகுதான் அவளிடம் வரும். ஜாம் மட்டும் அவளிடம் வந்து நிற்கும். அதை விட்டுவிட்டால் நான் இந்த அடுப்படியில் யார்?

எழுந்துபோய் ஆரஞ்சு உரித்தாள்.

அடுத்த நாளிலிருந்து தோல் நறுக்குகிற மேஜைக்கு மாறிக்கொண்டாள். ஸ்பூன் வாளியை நாத்தனாரிடம் கொடுத்தாள். "இனிமே நீங்க ரெண்டு பேரும் பாருங்க."

"நானா?" என்றாள் நாத்தனார். "எனக்கு எதை வச்சாலும் புளிக்கணும் அண்ணி."

"புளிக்கட்டும்."

"அண்ணனுக்குச் சர்க்கரையைத் தவிர வேற ருசியே தெரியாது."

"ரெண்டு பேரும் சண்டை போட்டு ஒரு முடிவுக்கு வாங்க."

நிஜமாகவே சண்டை போட்டார்கள். அவள் முதுகைத் திருப்பிக்கொண்டு நறுக்கிக்கொண்டிருப்பாள். பின்னால் கேட்கும். "போதும்டி, நாக்கு கூசுது." "உனக்கு நாக்கு இருந்தாத்தானே கூச." "எலுமிச்சையை எடுத்தே, கையை ஒடிப்பேன்." "ஒடி, அப்புறம் கல்லாவுல யார் உக்காருவா?" அடுப்புக்காரர் நடுவர். அவருக்கு ஆளுக்கொரு ஸ்பூன் கொடுத்துப் பார்த்தார்கள். அவர் இரண்டு பக்கமும் நன்றாக இருக்கிறது என்றார். சாயங்காலம் வரை இரண்டு பேரும் அவரோடு பேசவில்லை.

முதல் பாத்திரம் கொஞ்சம் புளிப்பாகத்தான் வந்திருக்கும். அவள் ருசி பார்க்கவில்லை, புட்டியின் நிறத்தை வைத்து நினைத்துக்கொண்டாள். பன் வாங்க வந்த தபால்காரர் கடையிலேயே நின்று தின்றுவிட்டு, "இந்தத் தடவை ஜாம் சுருக்குனு இருக்கே" என்றார். நாத்தனார், "நல்லதா, கெட்டதா?" என்றாள். அவர் யோசித்து, இன்னொரு பன் வாங்கிக்கொண்டார். அன்று முழுவதும் நாத்தனாரைப் பிடிக்க முடியவில்லை.

அவளுக்கு ஒரு வலி இருந்தது. சின்னதுதான், நகக்கண்ணில் ஆரஞ்சுச் சாறு படுவதைப் போல. தன் நாக்கு இல்லாமலும் பாத்திரம் இறங்குகிறது, புட்டி நிறைகிறது, பன் விற்கிறது. கூடவே இன்னொன்றும் நடந்தது. நாள் முழுக்க ருசிக்காகக் காத்திருந்த தலைக்குள் இடம் காலியாகியிருந்தது. தோலை உரிக்கும்போது தெறிக்கிற எண்ணெயின் வாசனை மணிக்கட்டு வரை ஏறுவதைக் கவனித்தாள். கத்தி பலகையில் படும் சத்தத்துக்கு ஒரு தாளம் இருந்தது. சாப்பாட்டுக்குப் பின் தெருவைச் சுற்றி நடந்துவிட்டு வந்தாள். மாத்திரையை மாற்றிக் கொடுத்திருந்தார்கள். உப்புத் தண்ணீரில் வாய் கொப்புளித்து, டாக்டர் தந்த மெல்லிய பிரஷ்ஷால் அந்த இடத்தை ஒரு குழந்தையின் முகத்தைத் துடைப்பது போலத் துடைத்தாள். ஒரு காலையில் பிரஷ்ஷில் சிவப்பு இல்லை. மறுநாளும் இல்லை. மாஸ்டரிடம் காட்டினாள்.

"ஒண்ணுமே இல்லையே, எதைக் காட்டறே?"

"அதைத்தான்."

அடுத்த முறை நாற்காலியில் படுத்தபோது டாக்டர் ஒன்றுமே கேட்கவில்லை. கம்பி ஈறைத் தொட்டது, போயிற்று. இரும்பு ருசி வரவில்லை.

"நல்லா ஆறியிருக்கு," என்றாள் டாக்டர். "வீக்கமும் போச்சு. படத்துலயும் எலும்பு திருகை விட்டுப் போகல. பல்லு மாட்ட இன்னும் கொஞ்ச மாசம் பொறுக்கணும், அவசரமே இல்ல. இப்படியே இருந்தா நிக்கும். என்னம்மா பண்ணீங்க?"

"ஸ்பூனை விட்டுட்டேன்."

டாக்டருக்குப் புரியவில்லை. மாஸ்டர் விளக்கத் தொடங்கினார். வாளி, டம்ளர் என்று அவர் கையை விரித்து விரித்துச் சொல்ல, டாக்டர் முகமூடியைக் கீழே இறக்கிவிட்டுச் சிரித்தாள். "எனக்குத் தோணவே இல்லையே. அப்ப நீங்க பொய் சொல்லலை," என்றாள்.

"சொல்லல," என்றாள் அவள். கொஞ்சம் யோசித்து, "பாதி," என்றும் சொல்லிக்கொண்டாள். அது மனதுக்குள்.

அன்றுதான் ஆரஞ்சின் கடைசிப் பெட்டிகள் வந்திருந்தன. காலம் தப்பிப் பெய்த மழையில் பறித்த பழம். தோல் தடித்து, உள்ளே சாறு குறைந்து கிடந்தது. ஒரு பெரிய ஹோட்டலிலிருந்து முதல் தடவையாக ஜாம் கேட்டிருந்தார்கள். முதலில் கொஞ்சம் அனுப்புங்கள், பிடித்திருந்தால் வருஷம் முழுக்க வாங்குகிறோம் என்று. அது இந்தப் பாத்திரத்திலிருந்துதான் போக வேண்டும். அண்ணனும் தங்கையும் மதியத்திலிருந்து அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். சர்க்கரை போட்டும் கசப்பு அடங்கவில்லை. எலுமிச்சை பிழிந்தால் கசப்பு இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தது. சண்டைகூட நின்றுவிட்டிருந்தது.

அவள் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நிழல் விழுந்தது. மாஸ்டர், கையில் ஸ்பூன். பொன்னிறமாக, ஓரத்தில் ஒரு தோல் இழை தொங்கிக்கொண்டு, ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அவர் அதை ஊதியே கொண்டுவந்திருந்தார். அவளுக்கு எப்படிப் பிடிக்கும் என்று அவருக்குத் தெரியும்.

"ஒரே ஒரு தடவை," என்றார். "உன் நாக்கு சொன்னா எனக்கு நிம்மதி. ஒரு ஸ்பூன்ல ஒண்ணும் ஆயிடாது. டாக்டரே இன்னைக்கு நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்க இல்ல?"

அவளுக்கு வாய் ஊறியது. பாத்திரத்துக்குப் பக்கத்தில் நாத்தனார் நின்றிருந்தாள். அடுப்புக்காரர் கரித்துடுப்போடு நின்றிருந்தார். எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதே பார்வை. அவள் விட்டுப் போன இடத்திலேயே அது காத்திருந்திருக்கிறது. அதைப் பார்த்ததே போதும் என்று அவளுக்குத் தோன்றியது.

அவர் கையை மெல்லப் பிடித்து, ஸ்பூனை அவர் வாய்ப் பக்கமாகத் திருப்பிவிட்டாள்.

"நீங்க பாருங்க."

"எனக்குத் தெரியலைம்மா."

"கண்ணை மூடிக்கங்க."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு வாயில் வைத்துக் கண்ணை மூடினார். மாவு படிந்த இமைகள் துடித்தன. இத்தனை வருஷத்தில் அவள் இந்த முகத்தை இந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததில்லை. தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவளுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

"கசக்குது," என்றார் கண்ணைத் திறக்காமலே. "ஆனா... கடைசியில நல்லா இருக்கு. இருக்குதானே? நீ ஒரு துளி..."

அவள் வாயை மூடிக்கொண்டே சிரித்தாள். கையால் மறைக்கவில்லை. தலையை இல்லை என்று ஆட்டிவிட்டு, டம்ளரிலிருந்து சுத்தமான ஸ்பூன் ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.